குங்குமம் வைத்த கேன்

14 அக். 99, வியாழன்
தூறல். துணி காயவில்லை. லாரி ஸ்ட்ரைக் வருகிறதாம், பங்க்கில் நீள வரிசை. இவர் சமையல் எண்ணெய் கேனில் பெட்ரோல் வாங்கிவந்து மாடிப்படிக்குக் கீழே, ஸ்கூட்டர் பக்கத்தில் வைத்திருக்கிறார். மூடி பொருந்தவில்லை, பாலித்தீன் கவர், ரப்பர் பேண்ட். மருந்துக் கம்பெனி ரெப்புக்கு வண்டி நின்றால் பிழைப்பு நின்றதாம். சண்டை போட்டேன். "வீட்ல கேஸ் சிலிண்டர் இல்லியா? அதோட குடித்தனம் பண்ணலியா நீ?"

16, சனி
வெயில். வாங்க: பூசணிக்காய், எலுமிச்சை, கற்பூரம், பொரி, மகள் கவிதாவுக்கு ரிப்பன். மேல்வீட்டு ஓனரம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு, "ஏனம்மா இது வாசனெ?" என்று கன்னடத்தில் கேட்டாள், என்ன நாற்றம் இது என்று. பெயிண்ட் என்று சொல்லிவிட்டார் இவர். கூசாமல்.

18, திங்கள். ஆயுத பூஜை
எழுதாவிட்டால் பைத்தியம் பிடித்துவிடும்.
காலையில் ஸ்கூட்டருக்கு மாலை. டேபிள் ஃபேன், அரிவாள்மனை, கவிதாவின் ஜாமெட்ரி பாக்ஸ், எல்லாவற்றுக்கும் பொட்டு. கேனையும் இழுத்துவந்து குங்குமம் வைத்தார். "வண்டிக்குச் சோறு போடறதே இதான்." சிரித்தேன். நானும் சிரித்தேன்!
கற்பூரத் தட்டோடு குனிந்தேன். கேன் பக்கம் போகவே இல்லை, எட்டத்தான் நின்றேன். தரையோடு நீலமாக என்னவோ ஓடியது. 'புஸ்'. கேன் முழுக்கத் தீ. கவிதாவின் பாவாடை ஓரத்திலும் தீ. இவர் வெறுங்கையால் அடித்து அடித்து அணைத்தார். எதிர்மனையில் கட்டட வேலைக்குக் கொட்டியிருந்த மணல். ஓனரம்மா பட்டுப்புடவையோடு அள்ளி அள்ளிக் கொட்டினாள். அப்புறம்தான் அடங்கியது.
குழந்தைக்கு ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லை. இவருக்கு இரண்டு கையும்.

19, செவ்வாய்
ஆஸ்பத்திரி. கட்டு முழங்கை வரை. விரல்கள் தேறிவிடும் என்கிறார் டாக்டர். பெட்ரோல் ஆவி கண்ணுக்குத் தெரியாமல் கீழே இறங்கித் தரையோடு வருமாம், தீயைத் தேடி. கவிதா என் முந்தானையை விடவே இல்லை. மாலையில் அவளும் நானும் மட்டும் வீட்டுக்கு வந்தோம். சுவரெல்லாம் கரி. பூசணிக்காய் உடைக்காமலே கிடக்கிறது. திட்டவும் முடியவில்லை அவரை. அந்தக் கையைப் பார்த்துவிட்டு எப்படித் திட்டுவது.

20, புதன்
வெயில். இவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நான்தான் ஊட்ட வேண்டும். ரவைக் கஞ்சிக்கு அடுப்பைப் பற்றவைத்தேன். நாற்காலியிலிருந்து ஒரே அலறல்.
"நிறுத்துடி! அடுப்ப நிறுத்து!"
நிறுத்தினேன். "என்னங்க?"
"பரண்ல... தலைக்கு மேல. இன்னொரு கேன் இருக்கு. நீ சண்ட போடுவேன்னு சொல்லல."
அண்ணாந்து பார்த்தேன். பழைய போர்வை போட்டு மூடியிருந்தது.
நேற்று ராத்திரி அந்த அடுப்பில்தான் கவிதாவுக்குப் பால் காய்ச்சினேன்.