வேண்டா வெறுப்பாய் வந்த தீவு

பிப்ரவரி 4, 1963. திங்கள்

நல்ல வெயில். காற்றே இல்லை. போர்ட் பிளேர் ஹேடோ ஜெட்டியில் காலை ஆறு மணியிலிருந்து காத்திருப்பு. ஃபாரஸ்ட் டிபார்ட்மெண்டின் மோட்டார் படகு, லாஞ்ச், எட்டரைக்குத்தான் வந்தது.

பெட்டியில்: பெர்மாங்கனேட், டிஞ்சர் அயோடின், சல்ஃபா பவுடர் இரண்டு டப்பா, வேப்பெண்ணெய், பஞ்சு, கட்டுத்துணி எட்டு முழம் (போதாது). கொசுவலை. பழைய வேட்டி மூன்று. டாக்டரின் புத்தகம்.

எங்கள் மாட்டாஸ்பத்திரி டாக்டர் லீவில் மெயின்லேண்ட் போயிருக்கிறார். ஆகவே காம்பவுண்டர் நான், ஒரு யானைக்கு வைத்தியம் பார்க்க. நாமக்கல்லில் எட்டு வருஷம் மாடு, எருமை, ஆடு, கோழி. யானையைக் கோயிலில் பார்த்ததோடு சரி. ஆபீசில் சொல்லிப் பார்த்தேன். "மாட்டைவிடப் பெரிசு, அவ்வளவுதானே" என்றார் சூப்பரிண்டெண்ட்.

போர்ட் பிளேர் வந்து பதினாலு மாசம். ஊரைத் தாண்டி எங்கும் போனதில்லை, போக ஆசைப்பட்டதும் இல்லை. ஷாதிபூர் ரூமில் கூட இருப்பவர்கள் நேற்று சொல்லி அனுப்பியது: அட்டை, பாம்பு, மலேரியா. குடிதண்ணீர் கிடைக்காது. பேச ஆள் இருக்காது. போனவன் பாதி உடம்போடு வருவான்.

மெட்ராஸ் கப்பல் 17ஆம் தேதி. ஒரு மாச லீவு சாங்ஷன் ஆகிவிட்டது. சரோஜாவுக்கும் தேதி எழுதியாயிற்று. 13ஆம் தேதி ரேஷன் கொண்டு வரும் லாஞ்சில் திரும்பிவிட்டால் போதும். ஒன்பது நாள். பல்லைக் கடித்துக் கொண்டு ஓட்டிவிடலாம்.

பிப்ரவரி 5, செவ்வாய்

மதியம் வந்து சேர்ந்தோம். தீவுக்கு மேப்பில் ஒரு பேர் இருக்கிறதாம். இங்கே எல்லாருக்கும் இது 'கேம்ப்'.

லாஞ்ச் தள்ளி நின்றது, டிங்கி என்கிற சின்னப் படகில் கரைக்கு. படகுக்கு அடியில் மணல், ஒரு சங்கு, நீல நிறத்தில் ஒரு நட்சத்திர மீன். எல்லாம் கைக்கு எட்டுகிற மாதிரி. முழங்கால் ஆழம் என்று நினைத்து வேட்டியை மடித்துக் கட்டி இறங்கினேன். கழுத்து வரை போயிற்று. படகுக்காரர் சிரிக்கவில்லை. பெட்டியை மட்டும் பிடித்துக் கொண்டு, "நயா ஆத்மி சப் ஐஸே ஹி" என்றார். புதுசாய் வருகிறவர்கள் எல்லாரும் இப்படித்தானாம்.

உடனே கரையேறியிருக்க வேண்டும். ஏறவில்லை. குனிந்து பார்த்தால் கால்விரல் பத்தும் தெரிகிறது. நகத்தில் அழுக்கு இருந்தது, அதுவும் தெரிந்தது. கழுத்தளவு கடலில் நின்று கொண்டு என் காலையே பார்த்துக் கொண்டிருந்தேன்.

கரையில் ஃபாரஸ்டர் தங்கவேலு. திருநெல்வேலிப் பக்கம். வந்ததும் விஷயத்துக்கு வந்தார். இந்தத் தீவில் மரம் வெட்டு முடிந்தது. மரம் இழுக்கிற ஏழு யானைகளும் 21ஆம் தேதி எதிர்த்தீவுக்குப் போக வேண்டும். நீந்தி.

"யானை கடல்ல நீந்துமா சார்?"

"பின்னே, டிக்கெட் எடுத்துக் கப்பல்லயா போவும்?"

அந்தப் பக்கம் இறங்கி நாலு மைல் காட்டில் நடக்க வேண்டும். மைனா என்கிற பெண் யானைக்கு இடது முன்னங்காலில் சீழ். காலை ஊன்றுவதில்லை. "விட்டுட்டும் போவ முடியாது. இங்க ஊத்துத் தண்ணி வத்திக்கிட்டே வருது. 21க்குள்ள நடக்கலைன்னா துப்பாக்கிக்கு எழுதணும். அந்தக் கடுதாசியையும் நான்தான் எழுதணும், பாத்துக்கிடும்." சொல்லிவிட்டுக் கடலைப் பார்த்தார்.

பிப்ரவரி 6, புதன்

மைனாவைப் பார்த்தேன். பயந்தேன். வேறு என்ன எழுத.

பாகன் காதர். என் வயசுதான், முப்பத்துநாலு முப்பத்தைந்து. மலபார் மாப்பிள்ளை முஸ்லிம் குடும்பம், பிறந்ததே அந்தமானில். மலையாளம், ஹிந்தி, பஜாரில் பழகின தமிழ், மூன்றும் ஒரே வாக்கியத்தில் வரும். நோன்பு மாசம். விடிந்ததிலிருந்து எச்சில்கூட விழுங்காமல் யானைக்குத் தழை வெட்டிக் கொண்டிருந்தார்.

"டாக்டர் சாப், பயப்படண்டா."

"நான் டாக்டர் இல்லைங்க, காம்பவுண்டர்."

"அவளுக்கு அதொன்னும் தெரியாது சாப்."

பக்கத்தில் போனேன். மைனா தும்பிக்கையை என் மார்பில் வைத்துத் தள்ளியது. அடிக்கவில்லை. கதவைச் சாத்துகிற மாதிரி. நாலடி பின்னால் போய் உட்கார்ந்தேன். மூன்று தடவை. மூன்றாவது தடவைக்கு அப்புறம் காதர் அதன் காதுக்குக் கீழே தட்டிக் கொண்டு வெகுநேரம் ஏதோ பேசினார். என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன். "சாபுக்கும் வீடு தூரம்னு சொன்னேன்."

புத்தகத்தில் யானைக்கு இரண்டு பக்கம். இரண்டையும் நாலு தடவை படித்தாயிற்று.

பிப்ரவரி 8, வெள்ளி

எடுத்துவிட்டேன்.

காலையில் காதர் மைனாவைப் பக்கவாட்டில் படுக்க வைத்தார். ஒரு வீடு தானாக மடிந்து உட்கார்கிற மாதிரி. கால் என் மடியில். அடிப்பாதம் ஒரு பெரிய தாம்பாளம் அகலம். ஆற்றுப்படுகை காய்ந்தால் வெடிப்பு விடுமே, அப்படிக் கோடு கோடாய். இரண்டாவது நகத்துக்கும் மூன்றாவது நகத்துக்கும் நடுவில் வீக்கம். வெந்நீர், பெர்மாங்கனேட், கத்தி. நாற்றம் தாங்கவில்லை. விரல் உள்ளே போயிற்று, கெட்டியாக ஏதோ தட்டியது. இடுக்கியால் பிடித்து இழுத்தேன். காட்டுப் பிரம்புத் துண்டு. என் நடுவிரலைவிட நீளம்.

இழுத்த நிமிஷம் அதன் உடம்பு முழுக்க ஒரு நடுக்கம் ஓடியது. ஒரு மிதி போதும், நான் இல்லை. மிதிக்கவில்லை. அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தம் மட்டும். காதில் கேட்டதைவிடத் தரை வழியாக என் தொடையில் கேட்டதுதான் அதிகம்.

காதர் அழுது கொண்டிருந்தார். நான் பார்க்காத மாதிரி கட்டுப் போட்டேன். கட்டுத்துணி தீர்ந்தது. வேட்டி ஒன்றைக் கிழித்தேன்.

சாயங்காலம் காதர் நோன்பு திறக்கையில் பாதிப் பேரீச்சம்பழம் எனக்கு. மீதிப் பாதி மைனாவுக்கு. அவருக்கு வெறும் தண்ணீர்.

பிப்ரவரி 10, ஞாயிறு

அட்டைக்கடி: இரண்டு. பாம்பு: ஒன்று, தூரத்தில். குடிதண்ணீர்: ஊற்றில், வற்றினாலும் நம் கேம்ப்புக்குப் போதும், இளநீர் மாதிரி. காய்ச்சல்: இல்லை. பேச ஆள்: நிறுத்த மாட்டேன் என்கிறார்கள்.

காதரோடு சண்டை. தினம் காலை ஒரு மணி நேரம் மைனாவைக் கடலில் நிறுத்த வேண்டும் என்கிறார். திறந்த புண்ணில் உப்புத் தண்ணீரா, கூடாது என்றேன்.

"புக்கில் கூடாதுன்னு உண்டா?"

"புக்கில் ஒன்றுமே இல்லைங்க."

"அப்போ என்னத்துக்கு சாப் சண்டை?"

நிறுத்தினோம். மைனா தானாகவே கெட்ட காலைத் தண்ணீருக்குள் வைத்து, கண்ணைப் பாதி மூடிக் கொண்டது. சரி, நான் தோற்றேன்.

மத்தியானம் தங்கவேலு காட்டுக்குள் கூட்டிப் போனார். வெட்டாமல் விட்ட மரம் ஒன்று. வேர் எல்லாம் தரைக்கு மேலே சுவர் சுவராய் நிற்கிறது, ஒவ்வொரு சுவரும் என்னைவிட உயரம். இரண்டு சுவருக்கு நடுவில் போய் நின்றேன். சரோஜாவும் நானும் நாமக்கல்லில் குடியிருந்த வீட்டின் முன்னறை இதைவிடச் சின்னது. அண்ணாந்தால் முதல் கிளையே கோபுர உயரத்தில். "ஏன் இதை வெட்டலை?" என்றேன். தங்கவேலு மரத்தைத் தடவிக் கொண்டு, "வெட்டுறதுக்கு நம்பர் போட வந்தேன். போட மனசு வரலை. உள்ள பொந்துன்னு எழுதிட்டேன்" என்றார். யாரிடமும் சொல்ல வேண்டாமாம். இதோ, நோட்டில்தான் எழுதுகிறேன்.

பிப்ரவரி 13, புதன்

லாஞ்ச் வந்துவிட்டது. சரோஜாவின் கடிதமும்.

"ஏனுங்க, கப்பல் வர்ற அன்னிக்கு அண்ணன் மெட்ராசுக்கே வந்துருவாருங்க. நானும் வரேன்னு சொல்லியிருக்கேன். வரும்போதே டிரான்ஸ்பருக்கு எழுதிக் குடுத்துட்டு வந்துருங்க. அந்தத் தண்டனை ஊரு நமக்கு வேண்டாமுங்க."

நாலு தடவை படித்தேன். கல்யாணமாகி மூன்று வருஷம், அதில் பதினாலு மாசம் பிரிந்தே போயிற்று.

புண்ணைப் பார்த்தேன். சீழ் நின்றுவிட்டது. ஆனால் குழி ஆழம், உள்ளேயிருந்து மூட வேண்டும். தினம் இரண்டு வேளை கழுவிக் கட்டாமல் விட்டால் மேல்தோல் முதலில் மூடி, உள்ளே மறுபடி சீழ் கட்டும். மாட்டுக்கும் அப்படித்தான். காதருக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போகலாமா என்று யோசித்தேன். அவரிடம் கேட்டேன்.

"சாப் போகணும். பீவி காத்திருக்காங்க. நான் பார்த்துக்கறேன்." அப்புறம், மெதுவாக: "துப்பாக்கி வந்தா நான் அவ கூடத்தான் நிப்பேன். ஃபாரஸ்டர்கிட்ட சொல்லியாச்சு."

லாஞ்ச்காரர் நாளைக் காலை ஆறு மணிக்கு என்கிறார்.

பிப்ரவரி 14, வியாழன்

லாஞ்ச் போயிற்று. நான் போகவில்லை.

சரோஜாவுக்குத் தந்தி வாசகமும் ஒரு கடிதமும் லாஞ்ச்காரர் கையில். தந்தி: லீவு தள்ளிப்போனது. கடிதம் வருகிறது. சுகம். கடிதத்தில் காரணம் எழுதினேன். ஒரு யானைக் காலுக்காக என்று எழுதிப் பார்க்கும்போது எனக்கே சரியாகப் படவில்லை. அவள் அழுவாள். மச்சான் சத்தம் போடுவார். இரண்டும் நியாயம்.

மைனா காலைக் காட்டிக் கொண்டு தயாராய் நின்றது. காதர் அடுப்பு மூட்டியிருந்தார். வெந்நீர் ஏற்கெனவே கொதித்துக் கொண்டிருந்தது.

பிப்ரவரி 17, ஞாயிறு

இன்று கப்பல் கிளம்பியிருக்கும். காலையிலிருந்து யாரிடமும் பேசப் பிடிக்கவில்லை.

காதர் டிங்கியில் கூட்டிப் போனார், எதற்கு என்று சொல்லாமல். வளைகுடா ஓரம், அடியில் பச்சைப் புல்வெளி. கடலுக்கு அடியில் நிஜமாகவே புல். துடுப்பை எடுத்துவிட்டு, கீழே பார் என்று கை காட்டினார். சாம்பல் நிறத்தில் நீளமாய் ஒன்று, இரண்டு ஆள் நீளம், புல்லை மேய்ந்து கொண்டு நகர்கிறது. மேய்ந்த இடம் வரி வரியாய் வெறும் மணல். பக்கத்தில் குட்டி. மூச்சு விட மேலே வந்தது. மூக்கு, மீசை முடி, சின்னக் கண். பெருமூச்சு விட்டுவிட்டு மறுபடி மேய்ச்சலுக்கு.

"கடல் பசு, சாப். சாப் பசு டாக்டர் அல்லே. அதான்."

குட்டி தாயின் துடுப்புக் கைக்கு அடியில் முட்டிப் பால் குடித்தது. நான் எட்டு வருஷம் பார்த்த அதே முட்டல்.

திரும்பி வந்து சரோஜாவுக்கு இன்னொரு கடிதம். எட்டுப் பக்கம். டிரான்ஸ்பர் எழுதிக் கொடுக்கவில்லை என்று சொன்னேன். அடுத்த கப்பலில் நான் வருகிறேன், திரும்பும்போது நீயும் வா, ஒரே ஒரு மாசம் இருந்து பார், பிடிக்கவில்லை என்றால் நீ சொல்கிறபடி என்று எழுதினேன். கடல் பசுவை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. அடித்து அடித்து எழுதினேன்.

பிப்ரவரி 19, செவ்வாய்

மேகம். மழை இல்லை. குழி மூடிவிட்டது, புதுத்தோல் ரோஸ் நிறம். கட்டு இல்லாமல் கடற்கரை நெடுக நடத்திப் பார்த்தோம். முதலில் நொண்டல். அரை மைல் போனபின் குறைந்தது. தங்கவேலு பின்னாலேயே நடந்து வந்தார். கடைசியில், "கடுதாசி எழுதலை. ஆனா கடல்ல என்ன ஆவும்னு நான் சொல்ல மாட்டேன். பதினஞ்சு நாள் நின்ன யானை, மூச்சு தாங்கணும்" என்றார்.

அந்தப் பயம் எனக்கும்.

பிப்ரவரி 21, வியாழன்

எதிர்த்தீவிலிருந்து எழுதுகிறேன்.

காலை ஏழு மணி, நீரோட்டம் அடங்கும் நேரம். ஏழு யானைகளும் வரிசையாய் இறங்கின. முழங்கால், வயிறு, காது. அப்புறம் யானைகள் இல்லை. தும்பிக்கை நுனி ஏழு, நெஞ்சளவு தண்ணீரில் நிற்கும் பாகர்கள் ஏழு பேர். கடல் நடுவில் மனிதர்கள் நடந்து போகிற மாதிரி. மைனா கடைசி. நானும் தங்கவேலுவும் டிங்கியில், பக்கத்தில்.

எட்டிப் பார்த்தேன். தண்ணீர் அவ்வளவு தெளிவு. மைனா முழுசாகத் தெரிந்தது. நீலத்துக்குள் ஒரு யானை, அடியில் ஒன்றுமே இல்லாமல் நடக்கிறது. வெயில் கோடு கோடாய் அதன் முதுகில் ஓடுகிறது. இத்தனை நாள் என் மடியில் கனத்த அந்தக் கால் தண்ணீரைத் தள்ளுகிறது, மடங்குகிறது, மறுபடி தள்ளுகிறது. எடையே இல்லை அதற்கு. தங்கவேலு என் தோளைப் பிடித்துக் கொண்டிருந்தார், விழுந்துவிடுவேன் என்று.

பாதித் தூரத்தில் நின்றுவிட்டது. மற்ற ஆறும் முன்னால் போய்விட்டன. நீரோட்டம் மைனாவை ஓரமாய் இழுக்கிறது. காதர் குனிந்து பேசிக் கொண்டே இருந்தார். சட்டென்று மைனா அமிழ்ந்தது. தும்பிக்கையும் போயிற்று. காதரும். கயிறு மட்டும் மிதந்தது.

"காதர்" என்று தங்கவேலு கூப்பிட்டார். நான் எட்டிப் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை.

தும்பிக்கை வந்தது. படகுக்கு அந்தப் பக்கம், பத்தடி தள்ளி. புஸ்ஸென்று மூச்சு, எங்கள் மேல் எல்லாம் தண்ணீர். பிறகு காதர், இரண்டு கையாலும் மைனாவின் காதைப் பிடித்தபடி. துப்பினார், மறுபடி துப்பினார்.

"துப்பிட்டேன் சாப். நோன்பு முறியல."

தங்கவேலு சிரிக்க ஆரம்பித்தார், நிறுத்த முடியவில்லை. மைனா அதற்குள் நடக்கத் தொடங்கிவிட்டது.

எவ்வளவு நேரம் என்று பார்க்கவில்லை. வெயில் ஏறியிருந்தது. முதலில் நெற்றி, பிறகு முதுகு, பிறகு மொத்தமும், தண்ணீர் அருவியாய் வழிய, கரையேறியது. நிற்கவில்லை. மற்ற ஆறு நின்ற இடத்துக்கு நேரே போயிற்று.

டிங்கியை விட்டு இறங்கி அதன் பின்னால் ஓடினேன். ஈர மணலில் தடம். ஒரு குச்சி எடுத்து நாலு கால் தடத்திலும் விட்டு அளந்து பார்த்தேன், அலை வருவதற்குள். நாலும் ஒரே ஆழம்.