ஃப்ரிட்ஜுக்குள் வீட்டுச் சாவி

மார்ச் 2, திங்கள்

கச்சேரி நோட்டீஸ் இன்றைக்குள் அச்சுக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை. எழுதினால்தானே போகும்.

கல்லூரிக் கலையரங்கத்தை என் தலையில் கட்டி ஏழு மாதம் ஆகிறது. அதற்கு முன் தேர்வுப் பிரிவில் சிவனே என்று இருந்தேன். சங்கீதத்துக்கும் எனக்கும் ஸ்நானப்பிராப்தி கிடையாது என்று பிரின்சிபாலிடம் சொல்லிப் பார்த்தேன். "மேடம், நீங்க பாடவா போறீங்க? கதவைத் திறக்கணும், கதவைச் சாத்தணும்" என்றார். இப்போது பார்த்தால் கதவைத் தவிர மற்ற எல்லாம் என் வேலை.

நான்கு வெள்ளிக்கிழமை, நான்கு கச்சேரி. முதலில் மைக்கே வைத்துக்கொள்ளாமல் பாடும் ஒரு பாடகி. அடுத்து செல்லோ வாசிக்கிற பெரியவர். மூன்றாவது, டிரம்ஸ் அடிக்கும் பெண்கள் குழு. கடைசியில் நம் பிள்ளைகளின் சேர்ந்திசை. ஒவ்வொருவரைப் பற்றியும் நாலு வரி எழுத வேண்டும். "இசை மழையில் நனைய வாரீர்" என்று எழுதி அடித்தேன். "காதுக்கு விருந்து" என்று எழுதி, அதையும் அவசரமாக அடித்தேன். எதிரே அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவள் இதைப் படித்துத் தொலைத்தால்?

அக்கா ஆஸ்பத்திரி ஒன்றில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தவள். ஹலோ சொன்னாலே யார், என்ன மனநிலையில் இருக்கிறார் என்று சொல்லிவிடுவாள். அந்தக் காதுதான் கொஞ்சம் கொஞ்சமாகப் போயிற்று. போன் வேலையும் அதோடு போயிற்று. வீட்டை விட்டு வெளியே போவதையும் நிறுத்திவிட்டாள். உதட்டைப் பார்த்துப் பேச்சைப் பிடித்துக்கொள்கிறாள். நான் முதுகைக் காட்டினால் எங்கள் வீட்டில் பேச்சு கிடையாது.

மார்ச் 5, வியாழன்

இன்றைக்கும் காது மெஷினை வைத்து ஒரு மகாயுத்தம். பெட்டி அலமாரியில் அப்படியே இருக்கிறது. ஒருமுறையாவது போட்டுப் பார் என்றதற்கு, "போட்டா உலகத்துல இருக்கற ஃபேன் எல்லாம் என் மண்டைக்குள்ள சுத்துது. நீ பேசறது மட்டும் கேக்கல. எனக்கெதுக்குடி அந்த இம்சை?" என்றாள். டாக்டர் பழகிவிடும் என்றார் என்றேன். "அப்ப அவரையே போட்டுக்கச் சொல்லு" என்று விளக்கை அணைத்துவிட்டாள். இருட்டில் என் உதடு தெரியாது. சண்டையை ஜெயிக்க அவள் கண்டுபிடித்த வழி அது.

படுத்துக்கொண்டு ரொம்ப நேரம் யோசித்தேன். அவளோடு சாதாரணமாக, வேலை செய்துகொண்டே, ஒரு வம்பு பேசி எத்தனை காலம் ஆயிற்று? எனக்கு அவளிடம் வேறு ஒன்றும் வேண்டாம். அடுப்படியிலிருந்து நான் ஏதாவது சொல்ல, அவள் கூடத்திலிருந்து "போடி" என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

மார்ச் 9, திங்கள்

பாடகி போன் செய்தார். தங்கும் அறை, கார், சால்வை எதையும் கேட்கவில்லை. "கச்சேரி நேரத்துல ஏசியை அணைச்சிடணும்மா."

மார்ச் மாதம். ஜன்னல் இல்லாத அரங்கம். நானூறு பேர். "வெந்து போயிடுவாங்க மேடம்" என்றேன்.

"ஒரு மணி நேரம்தான் பாடுவேன். அதுக்குள்ள வேக மாட்டாங்க."

மைக் வைத்துக்கொண்டால் ஏசியும் ஓடுமே, ஊர் உலகத்தில் எல்லோரும் அப்படித்தானே பாடுகிறார்கள் என்று கேட்டேன். கொஞ்சம் வெடுக்கென்றுதான் கேட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "நேர்ல வந்து பாத்துப் பேசறேன்" என்று வைத்துவிட்டார்.

ஆளுக்கு ஒரு கிறுக்கு. எல்லாம் என் தலையிலேயே வந்து விடிகிறது.

மார்ச் 11, புதன்

பிரின்சிபால் ஏசி விஷயத்தைக் கேட்டுக் குதியோ குதி என்று குதித்தார். "சீஃப் கெஸ்ட் கோட்டு போட்டுட்டு வருவார் மேடம்!" கோட்டைக் கழற்றச் சொல்லுங்கள் என்று வாய் வரை வந்தது. விழுங்கிவிட்டேன்.

மார்ச் 12, வியாழன்

நோட்டீஸ் வந்துவிட்டது. கெட்டித் தாள், நல்ல நீலம். பெருமையாகத்தான் இருக்கிறது.

மார்ச் 17, செவ்வாய்

இன்று நடந்ததை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நடந்தபடியே எழுதுகிறேன்.

பாடகி மத்தியானம் வந்தார். குள்ளமான உருவம், தோளில் ஒரு துணிப்பை, காலில் ரப்பர் செருப்பு. பிளம்பிங் வேலைக்கு அளவெடுக்க வந்தவர் போல அரங்கத்தின் எல்லா மூலைக்கும் போய்க் கை தட்டினார். பிறகு நடு வரிசையில் கண்ணை மூடி உட்கார்ந்துவிட்டார். நான் பக்கத்தில் வாட்சைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்கு ஆயிரம் வேலை.

"ஏசி ஒண்ணு. அந்த வெளியேறும் வழி விளக்கு ஒண்ணு, அது மெதுவா முனகுது. மேடைக்குப் பின்னாடி என்ன இருக்கும்மா?"

"கேன்டீன் மேடம். சுவர் தாண்டி."

"அங்க ஒரு பெரிய ஃப்ரிட்ஜ் இருக்கு. சரியா?"

இருக்கிறது. ஏழு மாதமாக இந்த அரங்கத்துக்குள் வந்து போகிறேன், ஒரு நாள் கூட எனக்கு அது கேட்டதில்லை.

ஒவ்வொன்றாக அணைக்கச் சொன்னார். ஏசியை அணைத்தோம். முனகிய விளக்கின் குழலை எலெக்ட்ரீஷியன் மாற்றிப் போட்டார். கேன்டீன்காரர் முணுமுணுத்துக்கொண்டே ஃப்ரிட்ஜை அணைத்தார். அது நின்றதும் என் தோளிரண்டும் தானாகக் கீழே இறங்கின. அதுவரை அவற்றைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன் என்பதே அப்போதுதான் தெரிந்தது. என்னடா இது! இவ்வளவு சத்தத்துக்குள்ளேயா நாம் குடியிருக்கிறோம்?

அப்புறம் அவர் பாடினார். பாட்டு என்று கூடச் சொல்ல முடியாது. உட்கார்ந்த இடத்திலேயே ஒரே ஒரு ஸ்வரம், மெல்ல, தூங்கும் குழந்தைக்குப் போர்த்துகிற மாதிரி. அது சுவர் வரை போய்த் திரும்பி வந்தது. எலெக்ட்ரீஷியன் ஏணியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"மைக் வெச்சா இது வராதும்மா" என்றார். பெருமையே இல்லாமல், உப்பு கம்மி என்று சொல்வது போல.

அந்த நொடியில் எனக்கு அக்காவின் பேச்சு மண்டையில் அடித்தது. உலகத்தில் இருக்கிற ஃபேன் எல்லாம். இங்கே ஃபேனே இல்லையே! ஏசி இல்லை, ஃப்ரிட்ஜ் இல்லை. மெஷினைப் போட்டுக்கொண்டு அவள் இங்கே உட்கார்ந்தால்? அவரிடமே கேட்டுவிட்டேன், என் அக்காவுக்குக் கேட்குமா மேடம் என்று. "எனக்குத் தெரியாதும்மா. கூட்டிட்டு வாங்க" என்றார்.

பிரின்சிபால் அறைக்கு நேரே போனேன். காலையிலிருந்தே ஏசியை முழு வேகத்தில் ஓட்டி அரங்கத்தைக் குளிர வைப்பது, கதவு சாத்தியதும் அணைப்பது, ஒரு மணி நேரத்தில் திறப்பது. இதில் ஏதாவது கெட்டுப்போனால் என்னைத் திரும்பத் தேர்வுப் பிரிவுக்கே அனுப்புங்கள் என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்து, சரி என்றார். போன மாதம் வரை அந்த இடமாற்றத்துக்காகத்தான் நான் கெஞ்சிக்கொண்டிருந்தேன்.

புறப்படும்போது பாடகி இரண்டு விஷயம் சொன்னார். ஒன்று: நோட்டீஸை உள்ளே வரும்போது கொடுக்கக் கூடாது. "எல்லாரும் விசிறிக்குவாங்க. நானூறு விசிறி, என்ன சத்தம் தெரியுமா?" என் கெட்டித் தாள்! என் நீலம்! போகிறபோது கொடுக்க வேண்டுமாம். இரண்டு: "ஃப்ரிட்ஜை அணைச்சதும் உங்க வீட்டுச் சாவியை அதுக்குள்ள வெச்சிருங்க. இல்லன்னா திரும்பப் போட மறந்துடுவீங்க. ஒரு ஊர்ல ஒருத்தரோட ஐஸ்கிரீம் மொத்தத்தையும் தண்ணியாக்கிட்டு வந்தேன். அதுலேர்ந்து எங்க போனாலும் இதான்."

மார்ச் 18, புதன்

அக்கா வர மாட்டாளாம். "நான் வந்து பொம்மை மாதிரி உக்காரணுமா? எல்லாரும் கை தட்டும்போது நானும் பாத்துப் பாத்துத் தட்டணுமா?"

எனக்குக் கோபத்தில் அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே கத்தினேன். நீ இல்லாம எனக்கு போரடிக்குதுக்கா, பக்கத்துலயே இருந்துட்டு நீ இல்லவே இல்ல, எனக்குப் பேச யாருமில்ல... அவள் என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூக்கை வேறு உறிஞ்சினேனா, பாதி புரிந்திருக்காது.

மார்ச் 19, வியாழன்

பாதி புரிந்திருக்கிறது. "வர்றேன். ஆனா மெஷினைப் போட மாட்டேன், கைப்பைல இருக்கும்" என்றாள். சரி தாயே.

மார்ச் 21, சனி

நேற்று எழுதவில்லை. கை ஓடவில்லை.

எல்லாம் சொன்னபடி நடந்தது. வந்தவர்கள் குளிரில் நடுங்கிக்கொண்டே உட்கார்ந்தார்கள். கோட்டு போட்ட கெஸ்ட்தான் பிழைத்தார். நானே ஃப்ரிட்ஜை அணைத்து, வீட்டுச் சாவியை கேன்டீன்காரரின் பால் பாக்கெட்டுகள் மேல் வைத்தேன். கதவைச் சாத்தினேன். ஏசி நின்றது. நானூறு பேரும் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள், ஏதோ ஒன்று அறையை விட்டு வெளியே போனது போல. அப்புறம் ஒரு சத்தம் இல்லை. இருமல் கூட இல்லை. அவ்வளவு பேர் சேர்ந்து அப்படிச் சும்மா இருந்ததை நான் என் ஆயுளில் பார்த்ததில்லை.

கடைசி வரிசையில் கதவோரம் நானும் அக்காவும். முதல் பாட்டு முடிந்தது. அக்கா மடியில் கைப்பையைக் கட்டிக்கொண்டு, எனக்கென்ன என்று உட்கார்ந்திருந்தாள். நான் அவள் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பினால் காரியம் கெட்டுவிடும், அவள் குணம் தெரியும். இரண்டாவது பாட்டின் நடுவில் ஜிப் திறக்கும் சத்தம். ஓரக்கண்ணால் பார்த்தேன். ஒரு காதில் மாட்டினாள். அடி விழப்போகிறது என்பது போல முகத்தைச் சுளித்துக்கொண்டு காத்திருந்தாள். அடி விழவில்லை. சுளிப்பு மெல்லப் பிரிந்தது. இன்னொன்றையும் மாட்டினாள்.

மேடையில் பாடகி ஒரு வரியை முடித்து, அடுத்த வரிக்கு முன்னால் நிறுத்தினார்.

"அடியே, அவ மூச்சு வாங்கறாடி! கேக்குதுடி எனக்கு!"

தன் குரல் எவ்வளவு பெரிது என்று அக்காவுக்குத் தெரியாது. பழைய ஆபரேட்டர் குரல் வேறு. அரங்கமே திரும்பிப் பார்த்தது. பிரின்சிபால் முதல் வரிசையிலிருந்து என்னை எரித்துவிடுவது போலப் பார்த்தார். ஃப்ரிட்ஜை அணைத்து, விளக்கை மாற்றி, விசிறியைத் தடுத்து, கடைசியில் என் வீட்டு ஆளே இப்படி! பூமி பிளந்தால் உள்ளே போயிருப்பேன்.

பாடகி கண்ணைத் திறந்தார். கடைசி வரிசையைத் தேடிப் பார்த்து, எங்கள் பக்கம் கை கூப்பினார். அப்புறம் நன்றாக, எல்லோருக்கும் கேட்கும்படி, இன்னொரு தரம் மூச்சு வாங்கினார். அக்காவுக்காக. அடுத்த வரியை எடுத்தார். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் இன்றைக்கும் தடம் இருக்கிறது. நான் பாட்டு முழுக்க அழுதேன், வெட்கமே படாமல். அந்தப் பாட்டு என்ன என்று கேட்டால் எனக்குத் தெரியாது. அவ்வளவு பெரிய ஒன்று அவ்வளவு சின்ன உடம்பிலிருந்து எப்படி வருகிறது என்பதும் தெரியாது.

பிறகு வீட்டு வாசலில் போய் நின்றோம். சாவி இல்லை. கைப்பையைக் கவிழ்த்துத் தேடினேன், ஆட்டோக்காரரைத் திட்டினேன். அப்புறம்தான் உறைத்தது. ஃப்ரிட்ஜ்! திரும்பவும் ஓட்டம். சாவி சில்லென்றே இருந்தது, பால் தப்பித்தது. அந்த அம்மாவின் கணக்கு சரிதான், என் மறதிதான் பெரிது. அக்கா வழியெல்லாம் சிரித்தாள்.

ஆனால் தெருவில் இறங்கியதுமே மெஷினைக் கழற்றிவிட்டாள். "பஸ்ஸெல்லாம் என்னைத் திட்டுதுடி." பெட்டி மறுபடி அலமாரிக்குப் போய்விட்டது. ஒரு சாயங்காலம்தானா? ஒரு சாயங்காலம் என்றாலும் சரி என்று மனசைத் தேற்றிக்கொள்கிறேன். தேறவில்லை.

மார்ச் 24, செவ்வாய்

செல்லோக்காரர் போன் செய்தார். ஏசியை அணைக்க முடியுமாமே, கேள்விப்பட்டேன் என்கிறார்! முடியும் என்றேன். நோட்டீஸில் அவரைப் பற்றி நான் எழுதிய நாலு வரியைப் படித்தேன். அடுத்தவர் வீட்டுக் கல்யாணப் பத்திரிகை போல இருக்கிறது. அடுத்த பருவத்துக்குக் கேட்டுவிட்டுத்தான் எழுதுவேன்.

மார்ச் 26, வியாழன்

வேலை முடிந்து வந்து, காபி போட ஃப்ரிட்ஜைத் திறந்தேன். உள்ளே இருட்டு. பால் பாக்கெட் வெதுவெதுவென்று இருக்கிறது, கத்தரித்தால் ஒரே திரிசல். கரண்ட் போய்விட்டதா? இல்லை, சுவிட்சையே அணைத்திருக்கிறது. கூடத்தில் ஃபேனும் ஓடவில்லை. அக்கா எனக்கு முதுகைக் காட்டி ஜன்னலோரம் வேர்க்க விறுவிறுக்க உட்கார்ந்திருக்கிறாள். எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ கோபம்!

"ஏன்க்கா, உனக்குப் புத்தி..."

"கத்தாதடி" என்றாள், திரும்பாமலே. "கீழ் வீட்டுப் பையன் வாய்ப்பாடு சொல்றான். எல்லாம் தப்பு."

நான் அடுப்படியில் ஃப்ரிட்ஜ் கதவைச் சாத்தப் போனேன். அப்போதுதான் பார்த்தேன். பால் பாக்கெட் இருந்த தட்டில் ஒரு சாவி. அக்காவின் சாவி. அவள் வேலையை விட்டதிலிருந்து ஆணியிலேயே தொங்கிக் கறுத்துப்போனது.

"இதை எதுக்குக்கா இங்க வெச்ச?"

"அப்பதானே திரும்பப் போட மறக்க மாட்டேன்? வெளிய கிளம்பும்போது தேடுவேன்ல."

"நீ எங்க வெளிய கிளம்பற?"

"நாளைக்கு வெள்ளிக்கிழமைடி. செல்லோ. நீ காலைலயே போயிடுவ, நான் சாயங்காலம் தனியா வந்துக்கறேன்."

"அப்ப நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் ஃப்ரிட்ஜ் ஆஃப்லயே இருக்குமா?"

"போடி" என்றாள்.

பாலைக் கொட்டினேன். பால் இல்லாத காபி, இரண்டு டம்ளர். ஃபேனைப் போடவில்லை.