நூரு பற்றவைத்த எஞ்சின்

என் ஆசை நூரு,

காலை ரயிலில் உன் ஜன்னலோர இடத்தில் இப்போது ஒரு பூக்காரம்மா உட்கார்ந்துகொள்கிறார். முதலில் கோபமாக வந்தது. பிறகு பழகிவிட்டது. வையம்பட்டி தாண்டும்போது அவரும் உன்னைப் போலவே வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறார்.

எத்தனை வருடம் இப்படித் திண்டுக்கல்லில் ஏறி, திருச்சியில் இறங்கி, அந்தப் பழைய ரயில் பட்டறைக்குள் நுழைந்திருப்போம்? நான் ஃபிட்டர், நீ வெல்டர். மலை ரயிலின் நீராவி எஞ்சின் பழுதுபார்க்க வந்து நின்ற அன்று, கரி படிந்த அதன் வயிற்றைத் தட்டி, "அக்கா, இது நம்ம தாத்தனுகளவிட மூத்தது. மரியாதையாப் பேசு" என்றாய். சுற்றி நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள்.

அதன் வயிற்றுக்குள், நெருப்பு எரியும் பெட்டியில் அரித்துப்போன தகட்டை எடுத்துவிட்டுப் புதுத் தகட்டை நீதான் வெல்டிங் வைத்தாய். இருமிக்கொண்டே வைத்தாய். "லீவு போடுடி" என்றால், "இத முடிச்சுட்டுப் போறேன்க்கா" என்பாய். முடித்தாய். எஞ்சின் ஓடுவதைப் பார்க்கத்தான் நீ இருக்கவில்லை.

நீ போன பிறகு பாய்லரில் தண்ணீர் நிரப்பி அழுத்தம் ஏற்றிச் சோதித்தோம். உன் வெல்டிங்கின் ஓரத்தில் தண்ணீர் சொட்டியது. யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. சூப்பர்வைசர் மெதுவாகத்தான் சொன்னார்: "பாவம், உடம்புக்கு முடியாம செஞ்சிருக்கும்மா அந்தப் புள்ள. வெட்டிட்டுப் புதுசா வச்சுருவோம்."

"செத்த நேரம் குடுங்க சார்" என்று சொல்லிவிட்டு டார்ச் லைட்டோடு நெருப்புப் பெட்டிக்குள் நுழைந்தேன். கண்ணீரா வியர்வையா, எதுவென்று தெரியவில்லை. தகட்டைத் துணியால் துடைத்துத் துடைத்துப் பார்த்தேன். தண்ணீர் மேலே ஒரு பழைய குழாயின் வாயிலிருந்து கசிந்து, தகடு வழியே இறங்கி, உன் வெல்டிங்கில் வந்து தேங்கியிருந்தது. அவரையும் உள்ளே கூப்பிட்டுக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார். "வெட்ட வேணாம்மா. குழாய மட்டும் மாத்துங்க" என்றார்.

நீராவி ஏற்றும் நாளுக்கு உன் அம்மாவை அழைக்கப் பேகம்பூரில் உங்கள் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தவர் உட்காரக்கூடச் சொல்லவில்லை. "அந்த வெல்டிங் புகைதான் எம்புள்ள நெஞ்சத் தின்னுச்சு. அதப் பாக்க என்னயக் கூப்புடுறியா மேரி?" டாக்டர்கள் காரணம் எதுவும் உறுதியாகச் சொல்லவில்லை. நீயாயிருந்தால் என்ன சொல்லியிருப்பாய்?

ஆனால் நீராவி ஏற்றிய அன்று காலை ஸ்டேஷனில் அவர் எனக்கு முன்பே வந்து நின்றுகொண்டிருந்தார். "நானும் வாரேன்" என்றார். அவ்வளவுதான். என்னோடு ரயில் ஏறினார்.

பட்டறையில் எஞ்சின் ஊதியதும் காதைப் பொத்திக்கொண்டார். அது சோதனைத் தண்டவாளத்தில் நகர்ந்து போய்த் திரும்பி வந்து நின்றது. அருகில் போய், "எம்மக வேலை எங்கன இருக்கு?" என்று கேட்டார்.

"உள்ள இருக்கும்மா. வெளிய தெரியாது."

"அம்புட்டு ஆவியையும் அதா புடிச்சு நிறுத்துது?"

"ஆமாம்மா."

முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். நீ போன அன்றுகூட அவர் அழுது நான் பார்க்கவில்லை, நூரு. அவர் தோளைப் பிடித்துக்கொண்டு நானும் அழுதேன். திரும்பி வரும்போது மணப்பாறையில் முறுக்கு வாங்கி என் கையில் வைத்து, "சாப்புடு, காலையிலருந்து ஒண்ணும் திங்கல நீ" என்றார்.

இப்போது ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்ததும் நேராக உங்கள் வீட்டுக்குத்தான் போகிறேன். உன் சின்ன வயதுச் சேட்டைகளை எல்லாம் சொல்கிறார். இத்தனையும் என்னிடம் ஏன் மறைத்தாய்?

எஞ்சின் மலைக்குப் போய்விட்டது. குளிர் குறைந்ததும் அம்மாவைக் கூட்டிப்போய் அந்த ரயிலில் ஏற்றுவேன். வாந்தி வரும் என்று இப்போதே பயப்படுகிறார். நான் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறேன், நீ கவலைப்படாதே.

உன்னோடு பிறக்காத,
உன் மேரி அக்கா