எட்டு மாடிச் சண்டை

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கால் வலி குறைந்ததா? அப்பா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா? நான் நன்றாக இருக்கிறேன். வேளாவேளைக்குச் சாப்பிடுகிறேன், நீ நம்பமாட்டாய்.

பல்செட் செய்யும் எங்கள் பட்டறையிலிருந்து அடுத்த மாதம் சிலர் பனிமலை ஏறப் போகிறோம். பயப்படாதே, வழிகாட்டி கூடவே வருவார். பழகுவதற்காகத் தினமும் முதுகுப்பையில் அரிசியைக் கட்டிக்கொண்டு எங்கள் கட்டடத்தின் எட்டு மாடியும் ஏறுகிறேன். "மேல காத்து கம்மி. பேசிக்கிட்டே ஏறிப் பழகுங்க, மூச்சு வாங்குனா வேகம் ஜாஸ்தின்னு அர்த்தம்" என்று வழிகாட்டி சொல்லியிருக்கிறார். மற்றவர்களுக்குப் பேச வீட்டில் ஆள் உண்டு. என் கையில் நாள் முழுக்கப் பல்வரிசை இருக்கிறது, பேசத்தான் ஒரு வாய் இல்லை. அதனால் உன்னோடு பேசிக்கொண்டு ஏறுகிறேன். உன் பங்கையும் நானே பேசிவிடுவேன்.

நேற்று ஐந்தாம் மாடியில், "தரையில நடக்கவே துப்பில்ல, உனக்கு மலை ஒரு கேடா?" என்று உன் குரலில் சத்தமாகக் கேட்டுவிட்டேன். ஒரு கதவு திறந்தது. நான் குடிவந்த பிறகு இங்கே எனக்காகத் திறந்த முதல் கதவு அதுதான்.

"யாரும்மா திட்டுறது?" என்றார் அந்த வீட்டு அக்கா.

"எங்க அம்மாதான்."

படியில் என்னைத் தவிர யாரும் இல்லை. பாவம், கதவை மெதுவாகச் சாத்திக்கொண்டார்.

என் பழைய மஃப்ளரை அனுப்பி வை. ஆறாம் மாடிக்கு மேல் உன் திட்டெல்லாம் எனக்குத் தீர்ந்துபோகிறது, சொன்னதையே சொல்கிறேன். மலையில் போன் எடுக்காதாம். அதனால் கடிதமாகவே திட்டி எழுது, கையோடு கொண்டுபோகிறேன்.

மெஷின் துணி துவைத்து முடித்துவிட்டது, எடுக்கப் போகிறேன். சிக்கனமாகத் திட்டாதே அம்மா. மலை பெரிது.

உன் மகள்