மஞ்சள் நூல் கட்டிய கொடிகள்

ஜூலை 22, செவ்வாய்

ரேஞ்சர் ஜெயக்குமார் இன்று தாமல் பக்கத்து அம்மன் கோயில் காட்டைச் சுற்றிப் பார்த்தார். எந்த மரத்தைப் பார்த்தாலும் கொடி. "எல்லாத்தையும் வெட்டித் தள்ளுங்க குழலி, மரம் மூச்சு விடட்டும்" என்றார். முடியாது என்றேன். வனவர் வேலைக்கு வந்த ஏழு வருடத்தில் இப்படிச் சொன்னது இதுதான் முதல் தடவை.

கொடி எல்லாம் களை இல்லை. கோடையில் குருவிகளுக்குப் பழம் கொடுப்பதே பாதி கொடிகள்தான். இளமரத்தை அமுக்குவதையும் நோஞ்சான் மரத்தில் ஏறியதையும் மட்டும் வெட்டினால் போதும். நானூற்றுச் சொச்சம் கொடிகளில் முப்பத்தேழு.

"கொடி இழுத்து ஒரு மரம் சாஞ்சாலும் மொத்தத்தையும் வெட்டிடணும். சம்மதமா?" என்றார்.

சம்மதம் என்றேன். என் காட்டை எனக்குத் தெரியும்.

ஜூலை 30, புதன்

முப்பத்தேழு கொடிக்கும் அடையாளம் கட்டியாயிற்று. சனிக்கிழமை குழு வந்து அதை மட்டும் வெட்டும். அண்ணன் தறியில் மிஞ்சிய மஞ்சள் பட்டு நூல். மழையில் சாயம் போகாது. என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

ஆடி வெள்ளி. காட்டுக் கோயிலில் நல்ல கூட்டமாம். நான் ஆபீஸில்.

ஆகஸ்ட் 2, சனி

என்னை மாதிரி முட்டாள் உண்டா? ஆடி மாசத்துல, அம்மன் கோயில் காட்டுல, மஞ்சள் நூலா கட்டுவேன்! நேற்று வந்த பெண்கள் அதை வேண்டுதல் என்று நினைத்து ஆளுக்கொரு கொடியில் கட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். இருநூறு வரை எண்ணினேன், விட்டுவிட்டேன். கொடி வெட்டும் குழுவின் தலைவி எல்லம்மாளுக்கு ஒரே சிரிப்பு. "இன்னாமா இது, காடே தாலி கட்டிக்கினு நிக்குது!"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் போவதற்குள் மஞ்சளைப் பார்த்து ஒன்றை வெட்டியிருந்தார்கள். பெரிய வேம்பாடங்கொடி, தொடைத் தடிமன். கிழட்டு இலுப்பை ஒன்றைப் பக்கத்து மரங்களோடு சேர்த்துப் பிடித்திருந்தது. வெட்டவே கூடாத கொடி.

நேற்று அதில் நூல் கட்டிய ஊர்க்காரி சங்கரி, விஷயம் கேள்விப்பட்டு ஓடி வந்தாள். "எம்பொண்ணு கண்ணாலத்துக்குக் கட்டுனேன்மா. அதையே வெட்டிட்டீங்களே!"

தப்பு என்னுது. மன்னிப்புக் கேட்டேன்.

பிறகு எல்லோரையும் கத்தியைக் கீழே வைக்கச் சொல்லிவிட்டு, ஒவ்வொரு நூலாகத் தொட்டுக்கொண்டே போனேன். அவர்களுடையது மஞ்சளில் நனைத்த பருத்தி, என்னுடையது பட்டு. தறிக்காரன் வீட்டுப் பெண்ணுக்கு விரல் பொய் சொல்லுமா? சாயங்காலத்துக்குள் முப்பத்தேழும் கிடைத்துவிட்டன. அவற்றில் இருந்த வேண்டுதல் நூல்களை வேறு கொடிக்கு மாற்றிக் கட்டிவிட்டுத்தான் வெட்டினோம்.

ஆகஸ்ட் 4, திங்கள்

"அந்த வேம்பாடத்த ரிப்போர்ட்ல எழுதாதம்மா. யாருக்குத் தெரியப்போவுது?" என்றாள் எல்லம்மாள்.

எழுதினேன். தேதி, கொடி, அது பிடித்திருந்த இலுப்பை, என் தவறு எல்லாம், போட்டோவோடு. ரேஞ்சர் கையெழுத்துப் போட்டார். முகம்தான் சரியில்லை.

டிசம்பர் 3, புதன்

இரண்டு நாளாகக் காற்றும் மழையும். ஒரு மரம் சாய்ந்துவிட்டது. ஒன்றே ஒன்று — அந்த இலுப்பை.

ரேஞ்சர் வந்ததும், "நான்தான் சொன்னேனே குழலி" என்று ஆரம்பித்தார். ஆகஸ்ட் ரிப்போர்ட்டை நீட்டினேன். "இது கொடி இழுத்துச் சாயல சார். பிடிச்சிருந்த கொடி போனதால சாஞ்சுது. கொடி இருக்கிற மரம் எதுவும் விழல, பாருங்க."

அதில் தன் கையெழுத்தைப் பார்த்தார். குடையைப் பிடித்துக்கொண்டு காடு முழுக்க நடந்தார். நானும் கூடவே நடந்தேன். ஒரு மரத்தை வைத்து எல்லாவற்றையும் நிரூபித்துவிட முடியாது. ஆனாலும் அன்று மறைத்திருந்தால் இன்று என் கையில் காட்ட ஒன்றுமே இருந்திருக்காது.

ஜனவரி 9, வெள்ளி

உத்தரவு வந்துவிட்டது: வனவர் அடையாளமிட்ட கொடிகளை மட்டுமே வெட்ட வேண்டும். இந்த வருடத்துக்கு நீல நூல் எடுத்து வைத்துவிட்டேன்.

வேம்பாடத்தின் அடிக்கட்டையில் விரல் நீளத்துக்கு மூன்று தளிர்கள். ஒன்றில் மஞ்சள் நூல். தொட்டுப் பார்த்தேன், பருத்தி. சங்கரி திரும்பவும் கட்டியிருக்கிறாள்.

பக்கத்துத் தளிரில் நானும் வேண்டிக்கொண்டு ஒரு மஞ்சள் நூல் கட்டினேன். பட்டு.