பலேர்மோவில் போட்ட மூன்றாவது கட்டில்

மாஸி, ஒக்லாந்து, நியூசிலாந்து
ஜூலை 9

அன்பு மகள் பிரணவிக்கு,

நீ சுகமாக இருக்க வேண்டும். இங்கே நாங்கள் எல்லோரும் சுகம் என்று அடுத்த வரியில் எழுதுவதுதான் என் வழக்கம், இந்த முறை கை வரவில்லை. போனில் சொல்லலாம் என்றால் அப்பா பக்கத்துக் கதிரையில் இருந்து ஒவ்வொரு சொல்லையும் கேட்டுக்கொண்டிருப்பார். வட்ஸ்அப்பில் எனக்கு எழுதித் தருகிறவரே அவர்தான். அவர் நித்திரை கொள்ளும் இந்த மத்தியான நேரத்தில் குசினியில் அடுப்புக்குப் பக்கத்து மேசையில் இருந்து எழுதுகிறேன், அண்ணி நிருஜா வேலை முடிந்து வந்ததும் இதைப் படம் எடுத்து உனக்கு அனுப்புவாள். அவளுக்கும் அண்ணாவுக்கும் எல்லாம் தெரியும். உனக்கு மட்டும்தான் சொல்லவில்லை.

அப்பாவுக்குக் கணையத்தில் புற்றுநோய், பிள்ளை. மார்ச் மாதமே சொல்லிவிட்டார்கள். வெட்ட முடியாத இடமாம், ஈரலுக்கும் பரவிவிட்டதாம். ஆஸ்பத்திரியால் திரும்பும்போது காரிலேயே என்னிடம் சத்தியம் வாங்கினார், "சின்னவளுக்குச் சொல்லக்கூடாது, அங்க தனிய இருந்து யோசிச்சு உருகிப்போவாள்" என்று. நம்முடைய ஆட்களின் பழக்கம்தானே, தூரத்தில் இருக்கிற பிள்ளைக்குச் செத்தவீட்டைக்கூட எட்டாம் நாள் எட்டுச்செலவும் முடிந்த பிறகு சொல்லுவது. நானும் தலையாட்டினேன்.

இத்தாலியில் பலேர்மோவுக்கு நாங்கள் சுற்றிப்பார்க்கப் போனதாகத்தான் நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். உன்னைப் பார்க்கத்தான் போனோம். லண்டனுக்கு வந்தால் உன் வீட்டில் தங்க வேண்டும், சாப்பிடுகிற அளவைப் பார்த்தே நீ கண்டுபிடித்துவிடுவாய் என்று அப்பா பயந்தார். நீ எப்போதோ பார்க்க ஆசை என்று சொன்ன ஊர், உனக்கு மூன்று மணித்தியாலப் பயணம், நாலு நாள் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாகத் திரிந்தால் பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது என்பது அவருடைய திட்டம். டொக்டர் மருந்து ஏற்றத் தொடங்க வேண்டும் என்றதையும் "போயிட்டு வந்து பாப்பம்" என்று தள்ளிவைத்தார். ஹோட்டலில் உனக்கென்று மூன்றாவது கட்டிலும் போடுவித்தார். நாங்கள் போய் இறங்கிய அன்றுதான், வேலையிடத்தில் ஆட்களைக் குறைக்கிறார்கள், இப்போது லீவு கேட்க முடியாது, டிசம்பரில் நத்தாருக்கு ஒக்லாந்துக்கே வருகிறேன் என்று நீ சொன்னாய். நான் பரவாயில்லை மகள் என்றேன். அந்தச் சொல்லை நினைத்து நான் அழாத நாள் இல்லை. உன்னில் பிழை இல்லை, நாங்கள் மறைத்ததை நீ எப்படி அறிவாய்.

பிறகு நீ கேட்ட படங்களுக்காகத்தான் அந்த ஊரைச் சுற்றினோம். பெரிய தேவாலயத்தின் முன் நின்ற படத்தை நெஞ்சுக்கு மேலேதான் எடுத்தேன், காற்சட்டை இடுப்பில் நிற்காமல் என் சால்வையால் கட்டியிருந்தார். கண் மஞ்சளாகிப் போயிருந்ததால் கண்ணாடியைக் கழற்றவில்லை. அப்பா நடிகர் மாதிரி இருக்கிறார் என்று நீ பதில் போட்டாய், அதை மூன்று தரம் வாசித்தார். வழிகாட்டிப் பெண் இது அரபியர் கட்டியது, அது நோர்மன் அரசர் கட்டியது என்று காட்டிக்கொண்டு போனாள். வேறு நேரம் என்றால் அவளுக்கே பாடம் எடுத்திருப்பார், இப்போது நிழல் எங்கே கிடக்கிறது என்று மட்டும் பார்த்தார். ஹோட்டல்காரர் கட்டிலை எடுக்கட்டுமா என்று கேட்டதற்கு வேண்டாம், கிடக்கட்டும் என்றுவிட்டார்.

அந்த ஊர்த் தமிழ்ச் சனம், சைவக்காரரும்கூட, மலை ஏறிப்போய் நேர்த்தி வைக்கிற புனித ரொசாலியாவின் குகைக்கும் போனோம். நடந்து ஏறினோம் என்று உனக்கு எழுதியது பொய், டாக்சியில்தான் போனோம். வாசற்படி ஏறவே மூன்று இடத்தில் இருந்து இளைப்பாறினார். அன்னதானம் இல்லாத நாளில் கோயில் பக்கம் தலைவைத்தும் படுக்காத மனிதர், மெழுகுதிரி கொளுத்திவிட்டு நெடுநேரம் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். தனக்குச் சுகம் கேட்கிறாராக்கும் என்று எனக்கு நெஞ்சு குளிர்ந்தது. வெளியே வந்து கேட்டால், "பிள்ளையின்ர வேலை போகக்கூடாது எண்டு நேந்தனான்" என்கிறார். எனக்கு வந்த கோபம். உங்களுக்கென்று ஒரு சொல்லுக் கேட்டால் என்ன குறைந்துவிடும் என்று சனத்துக்கு முன்னால் ஏசிப்போட்டேன். "எனக்குக் கேட்டு என்னப்பா, அவள் இருக்கப் போறவள்" என்றார்.

இப்போது மருந்து தாங்க உடம்பில் பலம் இல்லை என்று டொக்டரே விட்டுவிட்டார். கடைசிநேர நோயாளிகளைப் பார்க்கிற ஹொஸ்பிஸ் நேர்ஸ் கிழமைக்கு இரண்டு நாள் வீட்டுக்கு வருகிறாள். நேற்று என்னைத் தனியே கூப்பிட்டு, நத்தார் வரை எதிர்பார்க்க வேண்டாம், வரவேண்டிய ஆட்களை இந்த மாதமே வரச் சொல்லுங்கள் என்றாள். அதனால்தான் சத்தியத்தை முறித்தேன், அந்தப் பாவம் என்னோடு கிடக்கட்டும்.

வேலை போனாலும் போகட்டும் மகள், டிக்கெட்டைப் போட்டுக்கொண்டு வா. பாஸ்போர்ட் திகதியைப் பார். இங்கே ஒரே மழையும் குளிரும், தடித்த ஜக்கெட் கொண்டு வா. வெறும் வயிற்றோடு விமானம் ஏறாதே. பதிலை நிருஜாவின் போனுக்கு மட்டும் அனுப்பு. எங்கள் இரண்டு பேரின் ஆசியும் உன்னோடு கூட வரும்.

திடீரென்று லீவு கிடைத்தது என்று அப்பாவிடம் சொல்லு. உன்னைக் கண்டதும் எப்படியாவது எழும்பி நிமிர்ந்து இருப்பார், சின்னக் காய்ச்சல்தான், இரண்டு நாளில் மாறிவிடும் என்பார். ஓம் அப்பா என்று சொல்லு. அழுகை வந்தால் குசினிக்கு வா, நான் அங்கேதான் நிற்பேன்.

உன் அம்மா,
வசந்தமலர் ஏரம்பமூர்த்தி