பொன்வடுக் கலம்

நலம் பெருகுக. ஏரி நிறைக. கதிர் முற்றுக.

அரசர் பைம்பூண் செங்கோடர் திருவடி நிழலில் செம்பொழில் நாட்டின் பேரமைச்சராய் வீற்றிருப்பவரும், மூன்று ஆற்றுத் துறைகளின் காவற்பொறுப்பு உடையவரும், என் மனையாள் நக்கைக்கு மூத்த தமையனாகிய முறையால் எனக்கு மைத்துனருமாகிய கண்டன் தாயனார் திருமுன், கருங்கழி நாட்டுக் கோநகரிலிருந்து தூதுநாயகம் ஏறஞ்சாத்தன் எழுதி விடுக்கும் ஓலை. அரசர் நலமும், தேவியார் நலமும், தங்கள் முழங்கால் வலி தணிந்ததா என்பதும் அறிய விழைகிறேன். என் நலம் வினவுவீராயின், மூன்று வேளையும் பட்டு விரித்து உணவு படைக்கிறார்கள்; நான் தனியே வெளியேற வாயிற்கதவை மட்டும் திறப்பதில்லை. எதனால் என்பதை மறையாமல் எழுதுகிறேன். இடையில் சினம் மூண்டாலும் ஓலையை முறித்துவிடாமல் இறுதிவரை படித்தருள வேண்டும்.

கழிமுகப் பூசல் தீர்ந்ததும், இரு வேந்தரும் ஒரே மண்கலத்தில் நீர் அருந்தி நட்பைச் சூளுறுவது என முடிவாயிற்று. நம் அரசர் அருந்திய அக்கலத்தைக் கருங்கழி வேந்தர் நன்னாகரிடம் கொண்டுசெல்லும் பேறு எனக்குக் கிட்டிற்று. இவை தாங்கள் அறிந்தவை. அறியாதது இது. ஐப்பசித் திங்கள் ஏழாம் நாள், மேலாடையைத் தரை புரள விட்டால்தான் தூதனுக்குப் பெருமை என்று எண்ணி, அப்படியே விட்டுக்கொண்டு அவையேறினேன். அரியணைக்கு ஆறடி முன்னால் என் ஆடையை நானே மிதித்து விழுந்தேன். கலம் ஐந்து துண்டாயிற்று.

நம் நாட்டில் ஒருவர் இறந்தாலோ, மீளாத வகையில் பிறநாடு புகுந்தாலோ, அவர் நீர் அருந்திய கலத்தை வாசலில் உடைத்து, வழிநடப்போர் மிதித்துத் துகளாக்கும்படி விட்டுவிடுகிறோம். அன்று முதல் அவர் பெயரை அவ்வீட்டில் எவரும் கூப்பிடுவதில்லை. பிறநாடு புகுந்தவர் நம் எல்லைக்குள் மீண்டும் கால்வைக்கவும் விதியில்லை. இவ்வழக்கம் கருங்கழியாரின் செவிக்கும் எட்டியிருக்கிறது. செங்கோடர் தமக்குச் சாவு சொல்லி அனுப்பினாரோ என்று நன்னாகர் வினவினார். படைத்தலைவரின் கை வாளின் பிடிக்குச் சென்றதை நான் கிடந்த இடத்திலிருந்தே கண்டேன்.

என் கழுத்தின் மீது எனக்கு இருக்கும் பற்று தாங்கள் அறிந்ததே. எழுந்து, கைகூப்பி, எங்கள் நாட்டில் கலத்தை உடைப்பதோடு நிறுத்துவதில்லை என்றும், சில்லுகளைப் பொறுக்கிப் பொன்னால் ஒட்டி, இறந்தவர் பெயரால் முன்கட்டில் வைத்து வணங்குகிறோம் என்றும், உயிர்நண்பருக்குத் தரும் கலத்தையும் அவ்வாறே அவர் கண்முன் உடைத்து ஒட்டித் தருவது எங்கள் மரபு என்றும் விண்ணப்பித்தேன். இச்சொற்கள் எங்கிருந்து வந்தன என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. நன்னாகர் கண்ணீர் விட்டார். சாவையும் பொன்னால் ஒட்டிவைக்கும் மக்களோடு பகை கொண்டு இத்தனை ஆண்டுகளை வீணாக்கினேனே என்று அவையறிய வருந்தினார். நானோ என் தந்தையாரின் கலத்துச் சில்லுகளை மிதித்துக் கடந்தவன். அப்போது அது உறுத்தவில்லை; நன்னாகர் அழுதபோது உறுத்தியது.

சொன்னபடி ஒட்டியாக வேண்டும். எனக்கோ இரண்டு ஓலைத் துண்டுகளை ஒட்டவும் தெரியாது. துணைக்கு வேம்பி என்னும் பொற்பணிப் பெண்ணை அமர்த்தினார்கள். அரண்மனை அணிகளுக்குக் கல் பதிப்பவள், பேச்சுக் குறைந்தவள். நம் நாட்டில் எதைக் கொண்டு ஒட்டுவது வழக்கம் என்று கேட்டாள். வேப்பம்பிசின் என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவைத்தேன். ஒட்டினோம், காய்ந்தது, அழகாகவே நின்றது. நீர் வார்த்துச் சிறிது நேரத்தில் பிசின் கரைந்து கலம் மறுபடியும் ஐந்தாயிற்று. அவள் சில்லுகளைப் பொறுக்கியவாறே, இத்தகைய கலத்தில் ஒருமுறையேனும் நீர் குடித்தவர் பிசினைச் சொல்லியிருக்க மாட்டார் என்று மட்டும் கூறினாள். அதன்பின் என்னை ஒன்றும் கேட்கவில்லை. பிறரிடம் சொல்லவும் இல்லை. குங்கிலியத்தையும் அரக்கையும் உருக்கி, செங்கல் துகள் கலந்து பிசைந்து, விளிம்போடு விளிம்பு பொருத்தி, நூலால் இறுக்கி ஆறவிட்டாள். பிதுங்கியதைச் சுரண்டி எடுத்து, மூட்டின் மேல் மெல்லிய அரக்குப் பூசி, அது இளகியிருக்கும்போதே பொற்றுகளைத் தூவி மெருகேற்றினாள். கலம் உருப்பெற்று நின்றதைக் கண்டபோது, நான் சொன்னது பொய் என்பதே எனக்கு மறந்துபோயிற்று.

நன்னாகர் அக்கலத்தில் நீர் அருந்திச் சூளுற்றார். தூது முடிந்தது என்று மூட்டை கட்டினேன். மறுநாள் எனக்குப் 'பொன்வடுப் பேராசான்' என்னும் பட்டம் சூட்டினார்கள். ஒரு கலைக்கு அவையில் பட்டம் பெற்றவர் உயிருள்ளவரை எல்லை ஆற்றைக் கடந்து செல்லலாகாது என்பது இந்நாட்டுச் சட்டம் என்பதை, மாலை கழுத்தில் விழுந்த பிறகே சொன்னார்கள். விலங்கு பூட்டியிருந்தால் அறுக்க வழி தேடலாம்; இவர்கள் மாலையிட்டிருக்கிறார்கள். வாயிலில் நிற்கும் எண்மருக்கும் மரியாதைக் காவல் என்று பெயர். அவர்கள் நடுவில் நான் தெருவில் இறங்கினால், எதிர்ப்படுவோர் சிறப்புச் செய்வதாக எண்ணித் தங்கள் குடத்தைக் கீழே போட்டு உடைத்து, ஒட்டித் தரும்படி சில்லுகளை என்னிடமே நீட்டுகிறார்கள். என் மனையில் கூடைகூடையாய்ச் சில்லு. குயவர் மட்டும் என்னை வாழ்த்துகிறார்கள்.

நான் மட்டும் சிக்கியிருந்தால் இவ்வோலைக்குத் தேவையில்லை. விதியென்று சில்லுகளை ஒட்டிக்கொண்டு கிடப்பேன். ஆனால் நன்னாகர் தம் மகனார் இளவரசர் நன்முடியாரை, பங்குனி முழுநிலவன்று நூறு கலங்களோடு நம் நகருக்குப் படகேற்றுகிறார். நம் அரசர் அரண்மனை வாயிலில், அரசர் கண்முன், அந்நூறு கலங்களையும் இளவரசர் தம் கையால் உடைப்பார்; உடன் வரும் வேம்பி அங்கேயே அமர்ந்து ஒட்டுவாள். அன்பினால் செய்கிறார்கள். நம் வாயிற்காவலர் அதை அன்பென்று கொள்வார்களா என்பதைத் தாங்களே எண்ணிப் பாருங்கள். முதற்கலம் உடைந்த ஓசை அடங்குமுன் இளவரசர் தலை தரையில் கிடக்கும். மறுதிங்கள் கழிமுகத்தில் இரு நாட்டுப் பிள்ளைகளும் பிணமாய் மிதப்பார்கள்.

தடுக்க முயலாமல் இல்லை. இச்சடங்கு ஒரு தலைமுறைக்கு ஒருமுறைதான் என்றேன்; நட்புக்குக் கணக்கு உண்டோ என்று நன்னாகர் நகைத்தார். முன்னதாகச் சென்று வரவேற்புக்கு ஆவன செய்ய விடை கேட்டேன். ஆசானை அலையவிட மனம் இல்லை என்றார். உண்மையைச் சொல்லிவிடுவது என்று ஒருநாள் காலையில் துணிந்து சென்றேன். அவர் தம் மறைந்த தேவியாரின் கலத்தை மடியில் வைத்துக்கொண்டு, அதை உடைத்தால் மறுபடியும் சேருமா என்று என்னைக் கேட்டார். சேரும் என்று சொல்லித் திரும்பினேன். கோழை என்பீர், ஆம்.

நம் அரசரிடம் இவை யாவற்றையும் சொல்லிவிட வேண்டும். அவர் சினந்து தணிவார். ஊர் அப்படியன்று. ஒரு பழம்பானையை உடைத்து ஒட்டி வைத்து இளவரசரை ஏமாற்றிவிடலாம் என்று தோன்றும். அவர் முன்கட்டில் வணங்கப்படும் பொன்வடுக் கலம் ஒன்றைக் கண்டு தாமும் வணங்க விழைகிறார். தெருவில் எவரையும் கேட்பார். ஊர் முழுதின் வாயையும் தங்களால் மூட முடியாது. ஊரார் கண்டறிந்த ஒரு கலமாவது நகரில் இருந்தாக வேண்டும். யாரேனும் இறப்பாரா என்று காத்திருக்க நாள் இல்லை. காத்திருப்பது அறமும் அன்று. ஆனால் மீளாத வகையில் பிறநாடு புகுந்தவன் ஒருவன் இருக்கிறான். இதில் பொய் ஒன்றும் இல்லை.

பேரமைச்சருக்குக் கட்டளையிடத் தூதனுக்கு உரிமை இல்லை. சூளுறவு முடிக்க மட்டும் என்று அரசர் தந்த கணையாழி என் விரலில் இருக்கிறது. அதன் பொறி பட்ட சொல் அரசர் சொல். அதனை வேறொன்றுக்குப் பயன்படுத்துவது குற்றம் என்று அறிந்தே பயன்படுத்துகிறேன். கட்டளை வருமாறு.

ஓலை கண்ட மூன்றாம் நாள் முரசறைந்து, தூதுநாயகம் ஏறஞ்சாத்தன் மீளாத வகையில் கருங்கழி புகுந்தான் என்று ஊருக்கு அறிவிக்க. என் மனை வாசலில், ஊர் கூடி நிற்க, நான் நீர் அருந்தும் கலத்தை நக்கை தன் கையால் உடைக்க. ஒரு சில்லையும் எவரும் மிதியாதபடி தாங்களே முன்னின்று காக்க. அரண்மனைப் பொற்கொல்லரைக் கொண்டு, மேலே எழுதிய முறைப்படி அதனை ஒட்டி, என் முன்கட்டில் ஊர் காண வைக்க. அரசரும் தேவியாரும் வந்து அதன்முன் நிற்க. அரசர் நின்றால் ஊர் நிற்கும். இனி இந்நாட்டில் உடைக்கும் கலம் எதுவும் ஒட்டப்படும் என்று அன்றே சட்டம் செய்க. பொன் இல்லாதார் பித்தளைத் துகள் கொள்க.

அச்சட்டத்தில் ஓரிடம் எழுதாமல் விடப்பட வேண்டும். கலம் உடைந்தால் போனவன் போனவனே. அவன் மனையாளுக்கு அவன் இல்லாதவன். இதைப் பழைய விதி சொல்கிறது. ஒட்டிய கலத்துக்கு உரியவன் இருப்பவனா இல்லாதவனா, அவன் பெயரைக் கூப்பிடலாமா, அவனுக்காகக் காத்திருக்கலாமா, காத்திருக்க விருப்பம் இல்லையெனில் வேறு வாழ்வு தேடலாமா என்பதை எந்த விதியும் சொல்லவில்லை. இதுவரை எவரும் ஒட்டியதில்லை. அமைச்சர்கள் கூடி அதை முடிவு செய்ய வேண்டாம். தமையன் என்ற முறையில் தாங்களும் செய்ய வேண்டாம். எழுத்தாணியை நக்கையிடம் கொடுத்துவிட்டு அனைவரும் வெளியே வந்துவிடுக. அவள் எழுதுவது எதுவாயினும் அதுவே சட்டம். அதை மாற்றும் உரிமை அரசர்க்கும் இல்லை, எனக்கும் இல்லை.

மாசித் திங்கள் பத்தாம் நாள், கருங்கழிக் கோநகரில், என் கையால் எழுதி, செங்கோடர் கணையாழிப் பொறி பதித்து, உப்பு வணிகர் கையில் சேர்ப்பித்தேன். இப்பொறி கண்டபின் காலம் தாழ்த்தற்க.